ஹிஸாம் கணித்த தோட்டா விலை

மனித குலத்தின் வருங்காலத்தை உள்ளங்கைபோல் பார்க்கத் தெரிந்தவர்கள் உலகில் மிகச் சிலர்; அவர்களில் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். கலாஷ்னிகோவ் தோட்டாவின் விலை வரும் மாதங்களில் ஏறுமா இறங்குமா என்று என் பெரியப்பா மகன் ஹிஸாம் சொல்லிவிடுவார். சொன்னது நடந்ததா என்று கேட்பதை மட்டும் எங்கள் பைத் ஹர்மலில் யாரும் மரியாதையாக நினைப்பதில்லை.

ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு. பார்த்தது கம்பளிப் பிரிவில் என்பது வேறு விஷயம். மதியச் சாப்பாடு முடிந்து, திண்டில் சாய்ந்து, மென்ற காத் போதையிலை கன்னத்தில் எலுமிச்சம்பழம்போல் உருண்டு நின்ற பிறகுதான் அவருக்கு ஞானம் திறக்கும். அன்றும் திறந்தது. காத் குச்சிகளைக் கம்பளத்தில் பரப்பினார். ஒரு குச்சி ரஷ்யா. ஒரு குச்சி சீனா. எச்சில் கிண்ணம் செங்கடல்.

"உலகத்துல இருக்கிற படையெல்லாம் இப்போ சின்னத் தோட்டாவுக்கு மாறிட்டிருக்கு. அப்போ நம்ம ஏழு புள்ளி ஆறு ரெண்டு தோட்டா என்ன ஆகும்? கிடங்கு கிடங்காத் தேங்கும். கப்பல்ல ஏத்தி எங்கே அனுப்புவான்? இங்கேதான். ஈத் முடியறதுக்குள்ள விலை பாதியாயிடும், எழுதி வச்சுக்குங்க."

"வெங்காயமும் இறங்கும்னுதான் சொன்னீங்க, அபு ஜுப்ரான்," என்றான் மூலையிலிருந்து முஹ்ஸின். டீசல் விற்கிறவன், எதையும் நம்பாத தொழில். ஹிஸாமை ஊர் கூப்பிடுவது மகன் பெயரால்தான், ஜுப்ரானின் அப்பா என்று.

"வெங்காயத்துக்குப் புவிசார் அரசியல் கிடையாதுடா, கழுதை."

அந்தச் சொல் எங்களை மடக்கிவிட்டது. புவிசார் அரசியல் தெரிந்தவனிடம் யார் வாதாடுவது? மறுநாளே பாதி ஊர் வீட்டிலிருந்த தோட்டாக்களைத் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், வியாபாரி ஜாபிரிடம் விற்றுவிட்டு வந்தது. இறங்கியதும் இரட்டிப்பாக வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? முதல் ஆளாக விற்றவர் ஹிஸாம். நானும் விற்றேன். முஹ்ஸின்கூட விற்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

விலை ஏறியது.

"குதிக்கிறவன் ரெண்டு அடி பின்னால போவான்," என்றார் ஹிஸாம். "விலை இப்போ பின்னால போயிட்டிருக்கு."

அது பின்னாலேயே போய்க்கொண்டிருந்தபோது ஈத் முடிந்து, அவர் மகன் ஜுப்ரானின் கல்யாணம் வந்து நின்றது. பெண் பைத் ஸுமைத் ஊர் ஷேக் கஹ்தானுடைய மகள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் ஊர் முனை வளைவில் இறங்கி வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். நாங்கள் பதிலுக்குச் சுட வேண்டும். பதில் இல்லாவிட்டால் வந்தவர்களை வேண்டாமென்று சொன்னதாக அர்த்தம். அதைவிட மோசம், பைத் ஸுமைதுக்காரர்கள் கேலிப் பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் கட்டிய பாட்டுக்குப் பயந்து தலைநகர் ஸனாவுக்கே குடிபோன குடும்பம் ஒன்று உண்டு.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஹிஸாம் தோட்டா கேட்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் கிடைத்தது.

"நீங்க சொல்லித்தானே வித்தோம், அபு ஜுப்ரான்!" என்றார்கள் எல்லோரும், அவருக்கு ஏதோ பெருமை சேர்ப்பதுபோல.

ஜாபிரிடம் வாங்கலாம்தான். ஆனால் கல்யாணச் செலவு போக மிச்சம் இருந்ததற்குக் கிடைப்பது ஒரு கைப்பிடிகூடத் தேறாது. தவிர, தான் இறங்கும் என்று சொன்ன பொருளை ஏறிய விலைக்கு வாங்குவதை ஊர் பார்த்துவிட்டால்? "கையில ஒண்ணுகூட இல்லை, இறங்கினதும் உடனே கூப்பிடு" என்று மட்டும் ஜாபிரிடம் சொல்லிவிட்டு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"அண்ணே, ஒலிபெருக்கி இருக்கில்ல?" என்றேன் நான். கல்யாணப் பாட்டுக்காக வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆள் உயரப் பெட்டி இரண்டு. "உங்க போன்ல கல்யாண வீடியோ எத்தனை வச்சிருக்கீங்க! சுடற சத்தத்தை மட்டும் போட்டா…"

"வந்த விருந்தாளிக்குப் பொய்ச் சத்தமா? எங்கப்பா கல்லறையில புரண்டு படுப்பார், ஹமூத்."

கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"எவ்வளவு சத்தமா வரும்?"

மறுநாள் அவர்கள் வந்தார்கள். தூசி, ஹாரன், இடுப்பில் ஜம்பியாக் கத்தி மின்னும் ஆண்கள் கூட்டம். வளைவில் இறங்கிச் சுட்டார்கள். மலை திருப்பிச் சொன்னது. நாங்கள் துப்பாக்கிகளை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தோம். நான் ஹிஸாமின் போனைத் தட்டினேன். பெட்டிகள் அதிர்ந்தன. நான்கு கல்யாணத்தின் வெடிச்சத்தம் ஒன்றாக வந்தது. ஆடுகள் ஓடின. ஹிஸாம் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சுடுவதுபோல் நடித்ததைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

திடீரென்று சத்தம் நின்றது. எங்கள் துப்பாக்கிகள் மேலேயே இருந்தன. பெட்டியிலிருந்து போன் மணி ஒலித்தது. பதறிப்போய் நிறுத்துவதற்காகத் தட்டினேன், இணைப்பு கிடைத்துவிட்டது.

"அபு ஜுப்ரான்!" பள்ளத்தாக்கு முழுக்க ஜாபிரின் குரல். "தோட்டா விலை சரிஞ்சிருச்சு! கப்பல் வந்திருச்சாம், நீங்க சொன்ன மாதிரியே பாதி விலை! ஒண்ணுகூட இல்லைன்னீங்களே, எத்தனை அனுப்பட்டும்?"

நான் ஹிஸாமின் முகத்தைப் பார்த்தேன். அதில் அவமானத்தைத் தேடினேன்; இல்லை. விளக்கேற்றியதுபோல் இருந்தது.

"கேட்டீங்களா?" என்று திரும்பினார். "கேட்டீங்களாடா? சொன்னேனா இல்லையா?"

"பாதின்னா, ஒண்ணு எவ்வளவு?" என்று கத்தினான் முஹ்ஸின்.

"ரஷ்யாவுதா சீனாவுதா?" இது வளைவிலிருந்து வந்த குரல். விருந்தாளிகள் வரிசை கலைந்து பெட்டியை நோக்கி ஓடிவந்தார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து ஜாபிரோடு பேரம் பேசியது. மணப்பெண் காருக்குள் காத்திருந்தாள்.

கடைசியில் ஷேக் கஹ்தான் கையை உயர்த்தினார். பெரிய மனிதர், வெள்ளைத் தலைப்பாகை. கூட்டம் அடங்கியது. நான் போனை அணைத்தேன். ஹிஸாமுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும், துப்பாக்கியைத் தாழ்த்தினார். பாட்டு தயாராகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஷேக் தன் துப்பாக்கியிலிருந்து மேகஸினைக் கழற்றி இரு கைகளாலும் நீட்டினார். "சம்பந்தி," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி, "என் தோட்டா வேற, உங்க தோட்டா வேறயா? எங்களை நீங்களே வரவேத்திடுங்க."

இரண்டு ஊரும் "அல்லாஹ்!" என்று ஆரவாரித்தது. ஹிஸாமின் கண் கலங்கியது. மேகஸினை வாங்கினார். வாங்கியதும் கை சற்று மேலே எழும்பியது, நிறை குடமென்று காலிக் குடத்தைத் தூக்கியவன் கைபோல.

ஷேக் அவர் காதருகே குனிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பாத்துச் சுடுங்க, சம்பந்தி. நிச்சயதார்த்தத்தன்னிக்கு விலை இறங்கும்னு எங்கிட்டயும் சொன்னீங்க. நானும் ஒரு கைப்பிடி தவிர எல்லாத்தையும் வித்துட்டேன்."

ஹிஸாம் மார்பை நிமிர்த்தி, மேகஸினைப் பொருத்தி, துப்பாக்கியை உயர்த்தினார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மேகஸினில் இரண்டு தோட்டாக்கள் இருந்தன. ஒன்றுதான் வெடித்தது.