வலப்பக்கம்

"தனியாவா இருக்கீங்க?" என்ற கேள்விக்குப் பயந்துதான் அபிதகுஜாம்பாள் அந்த இயர்போனை வாங்கினாள். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க் வேலை. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அம்மா போய் இரண்டு வருஷம். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் தை மாதத்திலிருந்து சாயங்காலங்களில் ஏரிக்கரை நடைபாதைக்கு வர ஆரம்பித்தாள். மூன்றாம் நாளே ஒரு பென்ஷன்காரர் கூடவே நடந்து, வீடு எங்கே, வீட்டில் யார் யார் என்று விசாரித்து, கடைசியில் உச்சுக்கொட்டினார். மறுநாள் கேம்ப் ரோட்டில் வயர் வைத்த இயர்போன் ஒன்றை வாங்கி இரண்டு காதிலும் செருகிக்கொண்டாள். அதில் எதுவும் ஓடாது. காதை அடைத்துக்கொண்டு போகிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவள் வளர்ந்த வீட்டில் பாட்டு என்பது தங்கை சின்மயியின் சொத்து. ஒருமுறை தங்கையோடு சேர்ந்து பாடியதற்கு, "நீ சும்மா இருந்தாலே உன் தங்கை நன்னா பாடுவா" என்று பாட்டு டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது அவளுக்குப் பத்து வயது. அன்றோடு பாட்டு நமக்கில்லை என்று ஒதுங்கிவிட்டாள். ரேடியோ பாடினால்கூட அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மாசியில் ஒரு நாள், கைப்பைக்குள் இருந்த போன் எதிலோ அழுந்தி, ஏதோ ஒன்று தானாக ஓட ஆரம்பித்தது. அணைக்கத்தான் பையைத் திறந்தாள். மனுஷக் குரல் மாதிரி இருந்தது, ஆனால் வார்த்தை இல்லை. யாரோ தொண்டைக்குள்ளேயே வைத்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிற மாதிரி. தண்ணீரில் ஒரு கூழைக்கடா அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. அது முடிகிறவரை அவளும் நின்றாள். திரையில் பார்த்த பிறகுதான் அந்த வாத்தியத்தின் பெயர் சாரங்கி என்று தெரிந்தது. அன்றைக்கு ஏரியை இன்னொரு சுற்று நடந்தாள்.

அப்புறம் அது ஒரு பசி போலப் பிடித்துக்கொண்டது. நாதஸ்வரம், கவாலி, எந்தத் தேசமென்றே தெரியாத ஒரு கம்பி வாத்தியம். ராகப் பெயரெல்லாம் அவளுக்குப் புரியவில்லை. பிடித்ததையெல்லாம் போனில் தானே வைத்த பெயரில் சேமித்தாள். 'மழைக்கு முன்னாடி.' 'கோபம் தணிஞ்சாச்சு.' புரியாத பாஷையில் ஒருத்தி பாடியதற்கு 'கொடியில துணி.' பள்ளிக்கூடத்தில் அக்கவுண்டன்ட் ஜாய்சனிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "நல்ல டைம்பாஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் ரசீதுப் புத்தகத்தைத் திருப்பினார். அதற்குமேல் யாரிடமும் சொல்லவில்லை. நல்லதொன்றைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கும்போதுதான், சொல்ல ஆள் இல்லை என்பது முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது.

ஆடியில் ஒரு சாயங்காலம் எதிரே வந்த பெண்மணி வழியை மறித்து நின்றாள். கறுப்பு புர்கா, காலில் பளிச்சென்ற ஆரஞ்சு ஷூ. தினமும் பார்க்கிற முகம்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டெய்லி தனியா சிரிச்சுகிட்டே போறீங்களே, அப்படி என்னதான் கேக்கறீங்க?"

தான் சிரித்துக்கொண்டே நடக்கிறோம் என்பது அபிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வலது காதிலிருந்ததை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண்மணி முக்காட்டுக்குள் கையை விட்டுச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள்.

"இது என்ன, வாசிக்கிறாங்களா, அழுவுறாங்களா?"

"ரெண்டும்தான்னு நினைக்கறேன்."

அவள் பெயர் சாஜிதா. புருஷன் அயூபுக்கு கேம்ப் ரோட்டில் பெயிண்ட் கடை. மறுநாளிலிருந்து இருவரும் ஒரே வயரில் நடந்தார்கள். சாஜிதா வலப்பக்கம், அபிதா இடப்பக்கம். வயர் குட்டை என்பதால் தோள் உரசும்; ஒருத்தி வேகமாக எட்டு வைத்தால் மற்றவள் காதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஒரு வாரத்தில் கால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. சாஜிதா நடுவில் ஏதாவது சொல்வாள். பாதி விழாது. பாட்டு ஓடுகிறதே என்று அபிதா தலையை மட்டும் ஆட்டுவாள்.

கார்த்திகையில், ஏரி நிரம்பியிருந்த சமயம், சாஜிதா சொன்னாள்: "பொத்தேரில இன்னொரு கடை போடறாரு அக்கா. வீடும் அங்கயே பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை ஷிஃப்டிங்." இதை மட்டும் முன்னால் வந்து முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "பக்கந்தானே, ட்ரெயின்ல அரை மணி நேரம்."

திங்கட்கிழமை, பல மாதத்துக்குப் பிறகு, அபிதா இரண்டையும் தன் காதிலேயே செருகிக்கொண்டாள். வலதில் சத்தமே இல்லை.

இயர்போன் வாங்கிய கடைக்கே கொண்டுபோனாள். கடைக்காரர் தன் காதில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் சூப்பரா கேக்குது மேடம்."

"வலது பக்கம் வேலை செய்யலைங்க."

"அப்போ, இடதுல வெச்சிருக்கறதை எடுத்து வலதுல வெச்சுப் பாருங்க."

வைத்தாள். தெருவில் பஸ் போனது, அவர் உதடு அசைந்தது. அந்தக் காதுக்குள் மட்டும் ஒன்றும் இல்லை.

தாம்பரத்தில் காது டாக்டர் நிறையச் சோதனைகள் செய்துவிட்டு, "போன் எந்தக் காதுல பேசுவீங்க?" என்று கேட்டார்.

"இடது."

"அதான் தெரியலை. கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. நரம்பு, திரும்பி வராது. இருக்கறதைப் பத்திரமா பாத்துக்கணும். சத்தத்தைக் குறைச்சு வெச்சுக் கேளுங்க." நிறுத்திவிட்டுக் கேட்டார். "கூட இருக்கறவங்க யாரும் கவனிச்சுச் சொல்லலையா?"

அன்று சாஜிதாவுக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினாள். படித்துப் பார்த்து அழித்தாள். 'எப்படி இருக்கே' என்று மட்டும் அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து, 'கடை வேலை சரியா இருக்கு அக்கா' என்று பதில் வந்தது, கூடவே ஒரு பூப் படம். அபிதா ஏரிக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். தண்ணீரில் நாமக்கோழிகள் கத்தின. எல்லாமே இடப்பக்கமிருந்து கத்துவது போலிருந்தது.

மறுபடி தை. இரும்புலியூரில் ஒரு கோவில் திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரி என்று போஸ்டர் பார்த்து, ஞாயிறு சாயங்காலம் தனியாகப் போனாள். திறந்த மைதானம், ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். மேடை தன் இடப்பக்கமாக விழுகிற மாதிரி, ஓரத்தில் இடம் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் ஊதலில் உடம்பு சிலிர்த்தது. ஒற்றைக் காது வழியாக வந்தாலும் அது முழுசாகத்தான் உள்ளே போயிற்று.

ஆலாபனை முடிந்து ஜனங்கள் கைதட்டியபோதுதான் வலப்பக்கம் திரும்பினாள். இலைக் கிண்ணத்தில் சுண்டல் வைத்திருந்த ஒரு அம்மாள் அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. கை மேடையைக் காட்டுகிறது, கண் கலங்கியிருக்கிறது, உதடு அசைகிறது. வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம்.

"அந்தக் காது எனக்குக் கேக்காதுங்க" என்றாள் அபிதா. இதைச் சத்தமாகச் சொல்வது அதுதான் முதல் தடவை. "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்களேன்."

அந்த அம்மாள் சுண்டலை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புடவையைக் கொசுவிப் பிடித்து எழுந்து, மடக்கிய முழங்கால்களுக்கு நடுவே காலை வைக்க இடம் தேடித் தேடி, மெல்லச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தாள். மேடையில் தவில்காரர் விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.