மூன்று சிவப்புத் தையல்

அந்தக் குறியைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி சலவைக்காரி, இன்னொருவன் அவள் புருஷன். வெளுக்க வரும் ஒவ்வொரு துணியிலும் கழுத்துப் பட்டிக்குள் வண்ண நூலால் அவள் தையல் போடுவாள். டாக்டர் வீட்டுக்குப் பச்சையில் ஒன்று, இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு நீலத்தில் இரண்டு, கோர்ட்டில் நகல் எழுதுபவர் வீட்டுக்குச் சிவப்பில் மூன்று. நோட்டுப் புத்தகமெல்லாம் கிடையாது. எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. பத்து வருஷம் கூடவே இருந்ததில் அவன் தலைக்குள்ளும் கொஞ்சம் ஏறியிருந்தது.

புதன்கிழமை கோர்ட்டு வளாகத்தில் வெள்ளைக்காரத் துரையைச் சுட்டுவிட்டார்கள். போன மாதம் சந்தையில் கூடியிருந்த ஜனங்களைச் சுட உத்தரவு போட்டுப் பதினோரு உயிரை வாங்கிய அதே துரை. ஊரில் யாரும் அழவில்லை. ஆனால் போலீஸ் கண்ணில் படுகிற இடத்தில் எல்லோரும் அழுத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். சுட்டவன் பின்சுவர் ஏறிக் குதித்து மறைந்துவிட்டான். கோட்டு போடாத உள்ளூர்க்காரனைக் காவல்காரன் உள்ளே விடமாட்டான் என்று அவன் போட்டுவந்த கோட்டு மட்டும் சுவர்மேல் பதித்த கண்ணாடிச் சில்லில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

வியாழக்கிழமை மதியத்துக்குள் நகல் எழுதுபவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைத்தெருவே வாயைப் பிளந்தது. எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனுஷன் அவர். ஆனால் கோட்டில் அவர் வீட்டுக் குறி இருந்ததாம், போலீஸே சொன்னதாம்.

சலவைக்காரிக்குச் சுருக்கென்றது அங்கேதான். போலீஸுக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் கண்ணுக்கு அது ஏதோ கிழிசல் தைத்த மாதிரிதான் இருக்கும். தவிர, அந்தக் கோட்டு திங்கட்கிழமைதான் வெளுக்க வந்தது. சனிக்கிழமைதான் திருப்பித் தரவேண்டும். புதன்கிழமை அது இவர்கள் அலமாரியில் அல்லவா இருந்திருக்க வேண்டும்! போய்ப் பார்த்தாள். இல்லை.

அன்றிலிருந்து புருஷனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தாள். இவன் சுட்டிருப்பான் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. கரப்பான் பூச்சியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறுகிற ஆள் அவன். ஆனால் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாடிக்கைக்காரர் துணியை வேண்டியவர்களுக்குக் காதும் காதும் வைத்தமாதிரி இரவல் கொடுப்பான். எத்தனையோ முறை சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வீட்டு உடுப்பை, வழக்கத்துக்கு மாறாக, தானே தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும், "ஏன் என்னையே பாக்கற?" என்று கேட்டான். அப்போது அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் கடைக் கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டாள்.

"குறியை யாரு படிச்சுக் காட்டினது?"

இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, உண்மையைக் கக்கிவிட்டான். வியாழக்கிழமை காலையில் அவள் ஆற்றுக்குப் போயிருந்தபோது இன்ஸ்பெக்டர் வந்தாராம். வெட்டி எடுத்த கழுத்துப் பட்டியை மேஜைமேல் போட்டு, யாருடையது என்றாராம். யோசிப்பதற்கு முன்னால் வாய் உளறிவிட்டதாம். இன்று உடுப்புக் கொடுக்கப் போனபோது, கோட்டு சலவைக்குப் போட்டிருப்பதாக நகல் எழுதுபவர் சொல்கிறாரே என்று மறுபடி கேட்டார்களாம். செவ்வாய்க்கிழமையே கொடுத்தாகிவிட்டது என்று இவன் ஒரே போடாகப் போட்டுவிட்டானாம்.

"நிஜமா யாருக்குக் குடுத்தீங்க?"

"உன் தம்பிக்கு. ஆபீஸ்ல வேலை கேட்டுப் போகணும், ஒரு நாளைக்குக் குடுங்க மாமான்னான். உன் தம்பின்னுதான் குடுத்தேன். இப்பவும் உன் தம்பின்னுதான் வாயை மூடிக்கிட்டிருக்கேன்."

தாய் இல்லாத பிள்ளை என்று இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன், வெளியூரில் ஜன்னல் வேலை என்று செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டுப் போனவன். தம்பிதான் சுட்டானா, கோட்டை வேறு யாரிடமாவது கொடுத்தானா? புருஷன் வாயை மூடியது மச்சானுக்காகவா, தன் தோலுக்காகவா? எதையும் அவளால் நம்ப முடியவில்லை.

ஆனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூச்சு விடவில்லை. திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும். தூக்கி வளர்த்த பிள்ளையின் கழுத்துக்குக் கயிறு வருகிறது என்றால் யாருக்குத்தான் நாக்கு எழும்? நகல் எழுதுபவர் நிரபராதி, எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஆட்சியில் நிரபராதியை விட்டதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

திங்கட்கிழமை காலையில் நகல் எழுதுபவர் மனைவி கடைக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று சலவைக்காரி மனதைக் கெட்டிப்படுத்திக்கொண்டாள். வந்தவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை கோட்டை யாருகிட்ட குடுத்தீங்க? வீட்டுக்கு வரலையே. அவரே வந்து வாங்கிட்டுப் போனாரா?"

சலவைக்காரி மடித்து வைத்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எனக்குத் தெரியாம அவருக்குச் சுட்டவங்க கூட்டத்தோட பழக்கம் இருந்துச்சா? பதினஞ்சு வருஷம் கூட இருந்திருக்கேன். இப்ப அவர் முகமே எனக்குச் சந்தேகமா இருக்கு. உண்மையைச் சொல்லுங்கக்கா, நான் தாங்கிக்கறேன்."

தீய்ந்த வாசனை வந்தது. புருஷன் கையில் இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டரின் கால்சட்டை பொசுங்கிக்கொண்டிருந்தது. சலவைக்காரி அழுதுவிட்டாள். தன் வீட்டுப் பொய் இன்னொரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதை அவளால் பொறுக்க முடியவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கோட்டு கொடியில காஞ்சது, செவ்வாய்க்கிழமை களவு போச்சு. பயந்துக்கிட்டு நீங்க சொல்லாம விட்டுட்டீங்க. இதுதான் நடந்தது. நீங்க வேற ஏதாவது சொன்னா, நானும் வேற ஏதாவது சொல்லுவேன்."

மூவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். அவன் நாலடி பின்னால் வந்தான். தன் பேச்சுக்குத் துணை நிற்க வருகிறானா, முந்திக்கொண்டு தம்பியைக் காட்டிக்கொடுக்க வருகிறானா என்று வழி முழுக்க அவளுக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்து, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றார். அவன் அவளை ஒரு தடவை பார்த்தான்.

"பயம், ஐயா," என்றான்.

கன்னத்தில் விழுந்த அறையில் அவனுக்கு இடது காது கேட்காமல் போனது. மூன்று நாள் உள்ளே வைத்து அடித்தும் வேறு வார்த்தை வரவில்லை. அவனைப்பற்றி அவள் நினைத்ததில் பாதி தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் நகல் எழுதுபவரையும் விட்டுவிட்டார்கள். தம்பியிடமிருந்து சேதியே இல்லை.

மாதம் ஒன்று கழித்து, துணி மூட்டையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகல் எழுதுபவரே கடைக்கு வந்தார். வலது கை கட்டோடு இருந்தது. மூன்று விரல்கள் மடங்கவில்லை. கோர்ட்டு வேலை போய்விட்டது, இடது கையால் எழுதிப் பழகுவதாகச் சொல்லிச் சிரித்தார்.

"நீ வந்து சொல்லலேன்னா இந்த உயிரே இல்லம்மா," என்று இடது கையை நெஞ்சில் வைத்தார்.

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் கேட்டுவிட்டாள்.

"விரல்... அது எந்தக் கிழமைங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சனிக்கிழமை வரைக்கும் சும்மா மிரட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஏம்மா கேக்கற?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டு, கடைப் பலகையில் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் தூங்கியிருந்தாள்.

சும்மாதான் கேட்டேன் என்றாள். மூட்டையை வாங்கிப் பிரித்து, அவர் சட்டைக் கழுத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு சிவப்பு நூலைத் தேடினாள்.