வெட்டக்கூடாத கை

"கத்தரியக் குடுங்கண்ணி" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றான் ஐயாசாமி. வெள்ளையம்மா அசையவில்லை. தாலி அறுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வெறுங்கழுத்தைத் தடவிப் பார்ப்பது இன்னும் நிற்கவில்லை.

கோணிச் சாக்கில் கால்சட்டை தைத்து விற்கும் யோசனையே அவளுடையது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு பெக்கோக் தோட்டத்தில் துணி ஏது? கணவன் ஜெயபாலனைச் சயாமில் ரயில் பாதை போட அவர்கள் இழுத்துக்கொண்டு போனதும் வயிற்றுப்பாட்டுக்கு ஆரம்பித்தாள். கொழுந்தன் ஐயாசாமி கொண்டுபோய் விற்றான். தீபாவளிக்கு இருநூறு வேண்டுமென்று சிகாமட் டவுன் கடைக்காரர் கேட்டபோதுதான் எப்படித் தைப்பது என்ற பேச்சு வந்தது. ஆளுக்குச் சில சாக்கைக் கொடுத்து முழுசாகத் தைத்துவரச் சொல்லலாம் என்றான் அவன். ஆளுக்கொரு அளவில் வெட்டினால் பாதி வீணாகும் என்றாள் அவள். சாக்கை அடுக்கி அவளே வெட்டுவது, லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஆறு பேர் தைப்பது என்று முடிவாயிற்று. வீணாவது குறைந்தது. ஆனால் பாவி மகள் ஒன்றை யோசிக்கவில்லை. வேலையைப் பிரித்துவிட்டால் கத்தரி யார் கையிலோ, தொழிலும் அவர் கையில்தான். ஐயாசாமி அதை அன்றைக்கே யோசித்துவிட்டான்.

அடுத்த வாரமே, சயாமிலிருந்து நோயோடு திரும்பிய அதே லயத்து அர்ச்சுனன், ஜெயபாலன் செத்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். ஐயாசாமி குலுங்கிக் குலுங்கி அழுது கருமாதி செய்தான். அண்ணியின் தாலியை அறுக்க ஆளையும் அவனே கூட்டிவந்தான்.

"தாலியறுத்த கை தீவாளித் துணிய வெட்டக்கூடாதுண்ணி. யாரு வாங்குவா? ஓரமா ஒக்காந்து தைங்க. சோறு போடாமயா விட்டுருவேன்?"

நேற்றுவரை அரிசி மூட்டையாக இருந்த சாக்கு இன்று புனிதத் துணியாகிவிட்டது! தனக்காகப் பேச நாதியில்லாமல் அவள் கத்தரியைக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் குழாயடியில் அர்ச்சுனன் தலைகுனிந்து நின்றான். "நான் அண்ணனப் பாக்கவே இல்லக்கா. அப்படிச் சொல்லச் சொல்லி ஐயாசாமிதான் ரெண்டு கால்சட்டை குடுத்தாரு. எனக்குக் கட்டிக்க ஒரு துண்டுத்துணி இல்ல."

அவன் போட்டிருந்தது அவள் வெட்டியது. ஐயாசாமியைக் கூடப்பிறந்தவன் மாதிரி நம்பினாளே! குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்குள் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மா குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து, அவர்கள் எதிரிலேயே கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

ஐயாசாமி கத்தரியைக் கீழே வைக்கவில்லை. "செத்தாரோ இருக்காரோ, கருமாதி பண்ணியாச்சு. அறுத்தது அறுத்ததுதான்."

ராஜம்மா தைப்பதை நிறுத்தினாள். "எங்க ஆறு பேரு வீட்டுக்காரரும் சயாம்லதான் இருக்காங்க. உசுரோட இருக்காங்களான்னு யாருக்குத் தெரியும்? அப்ப எங்க கையும் இதுக்கு ஆகாதுல்ல?"

அரைகுறையாகத் தைத்ததை அவன் முன்னால் போட்டுவிட்டு எழுந்தாள். மற்ற ஐவரும் போட்டார்கள். வெள்ளையம்மாவோடு ஒவ்வொருத்தியாக வெளியே போனார்கள்.

வெட்டிக் குவித்த துண்டுகளுக்கு நடுவே ஐயாசாமி நின்றான். அவனுக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது.