குழாயடி வட்டம்

சுடலைமாடசாமி மீதும், என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மீதும் ஆணை: இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. யாரோ சொல்லக் கேட்டதைச் சொல்கிறவன் இல்லை நான். எங்கள் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு கண்ணில் புரை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் இன்னொரு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தேன்.

தாராவியில் எங்கள் சந்து கொஞ்சம் ஒடுக்கம். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பூலோகம் வந்தால் எதிரே வருகிறவர் வீட்டுக்கே திரும்பிப் போய், ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன்தான். ஆனால் அவன் ஏறினால் பஸ் ஒரு பக்கமாகச் சாயும். கண்டக்டர் மற்ற எல்லோரையும் எதிர்ப்பக்கம் மாற்றி உட்காரவைத்த பிறகுதான் மணி அடிப்பார். அவன் தும்மினால் வடாலாவில் காயப்போட்ட துணி உலர்ந்துவிடும். மிகைப்படுத்திச் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை.

இந்தப் பூலோகம் தன் புத்தகப்பையைத் தானே தூக்கியதில்லை. காலையில் பள்ளிக்கூட வாசலில் நிற்பான். கண்ணில் படுகிற பிள்ளையைப் பார்த்து, “ஏலே, பிடி!” என்று பையை வீசுவான். பிடித்த பிள்ளைதான் அன்றைக்கு முழுவதும் சுமக்க வேண்டும். யாரும் மறுத்ததில்லை.

என் மகன்வயிற்றுப் பேத்தி விஜயராணியும் அதே வகுப்புதான். ஒல்லி. மாதுங்கா மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனால், கடைக்காரர் ஞாபகமறதியாக அவளையும் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார். ஒரு மழை நாளில் அந்தப் பை அவளை நோக்கிப் பறந்து வந்தது. அவள் கையை நீட்டவில்லை. பை சகதியில் போய் விழுந்தது. 

“ஏட்டி, எடு அத” என்றான் பூலோகம்.

“ஏன், ஒனக்குக் கையில சுளுக்கா?”

“கடைசியாச் சொல்லுதேன், எடு.”

“இங்க வச்சு என்னலே சத்தம்? நாளைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக் குழாயடிக்கு வா. பாத்துக்கிடுவோம்.”

சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். கூடப் படிக்கும் தௌஃபீக் பின்னாலேயே ஓடினான். “பாகல் ஹை க்யா விஜி? பைத்தியமா ஒனக்கு? அவன் ஊதுனா நீ செம்பூர்ல போய் விழுவ!”

அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் போனில் பள்ளிக்கூட ரவுடிப் படங்களாகப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தப் படங்களில் ஒல்லிப்பிச்சான் கதாநாயகன் ஒரே ஒரு பாட்டில் உடம்பை ஏற்றி, ரவுடியைத் தூக்கி வீசுவான். தௌஃபீக்கும் அதையே சிபாரிசு செய்தான். போனில் ஒரு பாட்டைப் போட்டு, எங்கள் வீட்டு வாசலில் அவளைத் தண்டால் எடுக்கச் சொன்னான். அவள் ஒரு தண்டால் எடுக்கக் கீழே போனாள். மேலே வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. நாங்கள்தான் தூக்கி நிறுத்தினோம்.

“பாட்டெல்லாம் வேண்டாம். எனக்கு ஒரு சாக்கு மட்டும் கொண்டு வா” என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, குழாயடியில், கூட்டம் கூடிவிட்டது. சீத்தா கேம்ப்பிலிருந்து ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கினார்கள். அணுசக்தி நகருக்குப் போகும் ஸ்டாஃப் பஸ் ஒன்று வழிமாறி எங்கள் சந்துக்குள் வந்து நின்றது. எப்படி நுழைந்தது என்று கேட்காதீர்கள், நுழைந்தது. உள்ளே இருந்த விஞ்ஞானிகள் இறங்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான் பெரிய மனிதர்களுக்கு அழகு. நானும் கம்பியில் காயப்போட்டிருந்த பனியனை ஒதுக்கிவிட்டு அப்படித்தான் பார்த்தேன்.

பூலோகம் வந்தான். வெளிச்சம் குறைந்தது.

“இந்தா பாரு விஜி, பொம்பளப்பிள்ளைய அடிச்சேன்னு தெரிஞ்சா எங்கம்ம என்னைய உப்புக்கண்டம் போட்டுருவா. பேசாம சாரி சொல்லிட்டுப் பையத் தூக்கு. மாமலா கதம், அதோட முடிஞ்சுது.”

“நீ அடிக்கவும் வேண்டாம், நான் அழவும் வேண்டாம். சும்மா நில்லு, போதும்” என்றாள் விஜயராணி.

தௌஃபீக் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸால் இருவரையும் சுற்றி ஒரு வட்டம் போட்டான். விஜயராணி குழாய்க்கு முதுகு காட்டி, கீழே விரித்திருந்த சாக்கின்மேல் நின்றாள்.

“யாரு முதல்ல வட்டத்துக்கு வெளிய கால் வைக்காங்களோ அவங்க தோத்தாங்க. நான் தோத்தா, பரீட்ச முடியிற வரைக்கும் ஒன் பைய நான் சுமக்கேன். நீ தோத்தா, ஒன் பைய நீயே சுமக்கணும். இனிமே ஒருத்தர் மேலயும் வீசப்பிடாது.”

பூலோகம் சிரித்தான். ஸ்டாஃப் பஸ்ஸின் கண்ணாடிகள் அதிர்ந்தன.

“தண்ணி வர்ற நேரம்ட்டி இது. தண்ணி வந்தா நீயும்தான ஓடணும்? ஒங்கம்ம வேல முடிஞ்சு வர ராத்திரி ஆவும். குடம் யாரு பிடிப்பா? ஒங்க தாத்தாவா?”

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. நான் ஜன்னலில் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. எங்கள் சந்தில் நாலைந்து வீட்டுக்கு ஒரு குழாய். சாயங்காலம் ஒரு தடவை வரும். எப்போது என்று சொல்லாமல் வரும், கொஞ்ச நேரத்தில் சொல்லாமல் போகும். விட்டால் மறுநாள் சாயங்காலம்தான். எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது விஜயராணி. பூலோகம் வீட்டில் யார் என்று நினைக்கிறீர்கள்? பூலோகமேதான். பள்ளிக்கூடத்துக்கு ரவுடி, வீட்டில் மாடத்தி பெற்ற ஒரே பிள்ளை. சந்தின் கோடியில் இருக்கும் குழாயிலிருந்து, ரோஜாப்பூ நிறக் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பான். சந்துக்கே தெரியும், பள்ளிக்கூடத்தில் யாரும் மூச்சு விட மாட்டார்கள்.

ஆக, தண்ணீர் வந்தால் இருவருக்குமே ஆபத்து. யார் முதலில் ஓடுவார்கள் என்பதுதான் பந்தயம்.

நின்றார்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்றால், எதிர்வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, பெயர் வைத்து, தவழத் தொடங்கிவிட்டது. தௌஃபீக் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்ததில் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அதனால் இதற்கு மேல் நடந்ததற்கு என் ஜன்னல்தான் சாட்சி.

குழாய் இருமியது.

“பானி ஆயா! தண்ணி வந்துட்டு!” என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

அவ்வளவுதான். அத்தனை கூட்டமும் கண்ணிமைப்பதற்குள் காணாமல் போனது. தௌஃபீக் போனான். பஸ்கூடப் பின்பக்கமாகவே போய்விட்டது. விஞ்ஞானிகள் வீட்டிலும் தண்ணீர் பிடிக்க வேண்டும்தானே. சந்தில் மிஞ்சியது ஒற்றைச் செருப்பும், வட்டத்துக்குள் இரண்டு பேரும்.

சந்தின் கோடியிலிருந்து மாடத்தியின் குரல் வந்தது. “எலே பூலோகம்! எங்கலே போய்த் தொலஞ்ச? தண்ணி ஓடுது, மூதி!”

பூலோகம் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். “விஜி, நீயும் போணும்லா?”

“எனக்கு என்ன அவசரம்?”

“வெளையாடாத. ஒங்க வீட்டுக்குத் தண்ணி?”

அப்போதுதான் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்குள் தொம்தொம்மென்று டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம். பூலோகம் குனிந்து பார்த்தான். அவள் முதுகுக்குப் பின்னால் குழாய். குழாயில் மாட்டிய பச்சை ஹோஸ் பைப். அது சாக்குக்கு அடியில் புகுந்து, எங்கள் வாசல்படி ஏறி, உள்ளே போய்க்கொண்டிருந்தது. கூட்டம் கூடுவதற்கு முன்பே மாட்டி, குழாயைத் திறந்தும் வைத்துவிட்டாள்.

“இது கள்ளாட்டம்ட்டி!”

“எதுலே கள்ளாட்டம்? வட்டத்துக்குள்ளதான நிக்கேன்?”

“எலேய்ய்!” மாடத்தி இப்போது நேரிலேயே வந்துவிட்டாள். ஒரு கையில் ரோஜாப்பூ நிறக் குடம். இன்னொரு கை காலியாக இருந்தது. அதுதான் ஆபத்தான கை. பூலோகம் அம்மாவைப் பார்த்தான், விஜயராணியைப் பார்த்தான், வட்டத்தைப் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய காலைத் தூக்கி, கோட்டுக்கு வெளியே வைத்தான். பூமி அதிர்ந்ததை நான் ஜன்னல் கம்பியில் உணர்ந்தேன்.

அவன் கோடிக் குழாய்க்கு ஓடிச் சேர்வதற்குள் அங்கே தண்ணீர் நூலாகிவிட்டது. அரைக் குடத்தோடு திரும்பி வந்து, எங்கள் குழாயடியில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். பின்னால் மாடத்தி.

“விஜி... ஒரு குடம் பிடிச்சுக்கிடட்டா?”

என் பேத்தி ஹோஸைக் கழற்றினாள். “ரெண்டு பிடிச்சுக்கோ. ஆனா நீயேதான் சுமக்கணும்.”

மறுநாள் காலையில் பூலோகம் தன் பையைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு போனான். வாசலில் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்களாம். ஒன்றும் பறந்து வரவில்லை. விஜயராணி அவனுக்குப் பக்கத்தில், ஒன்றுமே நடக்காதவள்போல நடந்து போனாள். நான் ஜன்னலை அகலத் திறந்து, அந்தேரி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: “எல்லாரும் பாத்துக்கிடுங்கடே, அது இந்தக் கோமதிநாயகம் பேத்தி!”

எங்கள் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது.