ஒரு சொல்லை அழிக்கப் போய்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் வாயிலிருந்து திருடியது. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகம் பிறகு வரும், சில நேரம் வராது.

முதல் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே மழை" (மழையே இல்லை. விடுங்கள்.)

இரண்டாவது: "சனியனே! போச்சு, எல்லாம் போச்சு!"

இது போதும்.

2

தங்கை ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். இருபத்தாறு வருடம். அவளிடம் வேலை பழகிய மூன்று பேர் அவளுக்கே அதிகாரியாகிவிட்டார்கள். மூன்றாமவனின் பதவி உயர்வை எதிர்த்து மனுப் போட இன்று மாலை ஐந்து வரை அவகாசம், அதுவும் அலுவலக இணையதளத்தில் மட்டும். இரண்டு மணி நேரம் தட்டினாள். எனக்குப் படித்தும் காட்டினாள்.

"கடைசியில 'தயவுசெய்து' எதுக்குக்கா? பிச்சையா கேக்குறேன்?"

அந்த ஒரு சொல்லை அழிக்கப் போனாள்.

[குறிப்பு: சர்வருக்கு அவள் தினமும் கட்டளை தட்டும் அலுவலகத்துக் கறுப்புத் திரையில் கண்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தினால் கடைசிச் சொல் அழியும். பிரவுசரில் பக்கமே மூடிக்கொள்ளும். எந்தத் திரை என்று விரலுக்கு என்ன தெரியும்?]

3

"திரும்பக் கொண்டுவர முடியாதாடி?"

"பக்கம் வந்துடுச்சு. எழுதினது வரல. எல்லாக் கட்டமும் காலி."

"இப்படி வெச்சவன் கை வெளங்குமா?"

"நல்லா வெளங்கும். அவனுக்கும் ப்ரமோஷன் குடுத்திருப்பாங்க."

(சிரித்துவிட்டேன். நல்ல வசனம் என்று மனதில் குறித்தும்கொண்டேன்.)

4

முடிவு ஒன்று: பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதி அனுப்புகிறாள். (உங்களைத் தேற்ற.)

முடிவு இரண்டு: "விடுக்கா, தலையெழுத்து" என்கிறாள். (அவள் அப்படிச் சொல்பவள் இல்லை. அது என் வாய்.)

நடந்தது இதுதான்:

"அக்கா, படிச்சுக் காட்டினேன்ல? முதல் பாரா எப்படி ஆரம்பிச்சேன்? நல்லா வந்திருந்துச்சு. சொல்லு, அடிக்கிறேன்."

அவள் திட்டியது, முனகியது, நாற்காலியை உதைத்தது எல்லாம் என்னிடம் இருக்கிறது. மனுவில் ஒரு வரிகூட இல்லை. அதில் பேச்சு இல்லை. என் காதில் ஏறவில்லை. அவள் இருபத்தாறு வருடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, கதையில் அவளை எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா முழிக்கிற? கேட்டுக்கிட்டுதானே இருந்த?"

"கேட்டேன்டி, ஆனா..."

இந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதி அழித்துவிட்டேன். என் வாயில் எதை வைத்தாலும் பொய்யாகிறது. நீங்கள் சொல்லிப் பாருங்கள். சீக்கிரம், மணி நாலு நாற்பத்தாறு, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.