பதினைந்து வயதுப் பல்

பல் ஆய்வகத்தில் அவளுக்கு ‘அச்சக்கா’ என்றுதான் பேர். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, வாயை அப்படியே வார்த்தெடுப்பது வேலை. ஆளைப் பார்க்காமலே அவர் சங்கதியைப் புட்டுப்புட்டு வைப்பாள். “இந்த மனுஷன் பல்லை நறநறன்னு கடிக்கறார். மாமியார் கூடவே இருக்காங்க போல” என்றால் மொத்த அறையும் சிரிக்கும்.

அவள் சொந்த உடம்பின் கதையில் சிரிப்பு கிடையாது. நாற்பத்திரண்டு வயதிலேயே ரத்த அழுத்தம், ஆறாத வயிற்றுப்புண், தாடைவலி. “பதினாலு பதினஞ்சு வயசுல வீடு எப்படிம்மா இருந்துச்சு?” என்று டாக்டர் கேட்டபோது உள்ளதைச் சொன்னாள். அப்பா தட்டை விட்டெறிந்து கத்தும் வீடு அது. “அப்ப இறுகின உடம்பு இன்னும் தளரலை” என்றார் டாக்டர்.

பதினைந்து வயது மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதில் அவள் ஒரே பிடிவாதம். கணவனோடு என்ன தகராறென்றாலும் சமையலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, அடிக்குரலில்தான். பத்து வருடமாக இந்தக் காவல். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை மகளின் அச்சே வந்தது, பல்லுக்குக் கம்பி கட்டுவதற்காக. ஆசையாக வார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கடைவாய்ப் பற்கள் கடித்துக் கடித்து மழுங்கிக் கிடந்தன. கோரைப்பல்லுக்கு நுனியே இல்லை. சீட்டிலிருந்த பெயரை மூன்று தடவை படித்தாள்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, “யாருக்கா இது? சரியான டென்ஷன் பார்ட்டி போல!” என்றாள். அச்சக்கா சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொல்றாங்களாடி? பரீட்சை பயமா?”

“இல்லம்மா.”

“பின்னே ஏண்டி பல்லை இப்படிக் கடிக்கறே? இந்த வீட்டுல ஒரு அதட்டல் கேட்டிருப்பியா நீ?”

மகள் நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “கத்தினாலாவது என்ன சண்டைன்னு தெரியும்மா. நீங்க குழாயைத் திறந்துவிட்டுட்டு குசுகுசுன்னு பேசறீங்க. அப்பா விட்டுட்டுப் போயிடுவாரோன்னு காதைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருப்பேன். தண்ணி நின்னாத்தான் எனக்கு மூச்சே வரும்.”

தன் கையாலேயே பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டோமே என்று அச்சக்காவுக்கு அடக்க அடக்க அழுகை பொங்கியது.

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “அழாதம்மா, அப்பா வர்ற நேரம்” என்று சொல்லி, அவள் முகம் துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினாள்.