பக்கத்து இருக்கை, பெல்ட்: ஆம்

சிவப்பாக உட்கார்ந்திருக்கிறது அந்தக் குட்டி உருவம், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினால் வந்துவிடுகிறது, எழுந்து போக மாட்டேன் என்கிறது, எட்டு மாதமாக இப்படித்தான், காரின் முன்பக்கம் முழுக்கப் புதுசாகிவிட்டது, பானெட் புதுசு, கண்ணாடி புதுசு, வெடித்த இரண்டு ஏர்பேக்குகளுக்குப் பதிலாக வேறு இரண்டு வந்துவிட்டன, பெயிண்ட் அடித்தவன் கூட, இனி இது புது மாப்பிள்ளைங்கய்யா என்று சிரித்தான், இந்தச் சிவப்பு ஏர்பேக் விளக்கு மட்டும் அணையவில்லை, தெய்வசிகாமணிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வசந்தாமணி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏனுங்க, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களே என்று சொல்லிக்கொண்டு, முப்பத்து நாலு வருடம் அதையே சொன்னாள், அவரும் முப்பத்து நாலு வருடம் சரி சரி என்றார்.

அவருக்கு இனி ஸ்டியரிங்கைத் தொடக் கை வராது, அன்றிலிருந்து எங்கே போனாலும் மகள் பிரவீணாதான் ஓட்டுகிறாள், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், நாளையிலிருந்து கிணத்துக்கடவுக்கும் கோயமுத்தூருக்கும் இதில்தான் போய்வரப் போகிறாள், அதற்காகத்தான் இந்த விளக்கை அணைக்க உக்கடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், புறப்பட்டதும் கார் கீகீ என்று கத்தியது, பெல்ட் போடு பெல்ட் போடு என்கிற கத்தல், பிரவீணா பெல்ட்டை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டினாள், அதன்மேல் சாய்ந்துகொண்டாள், கத்தல் நின்றது, இதுக்கு ஒரு பெரிய கும்பிடுங்கப்பா, அம்மா போட்டுட்டுத்தானே போனாங்க, அப்பறம் இது எதுக்கு, இறுக்கிப் புடிச்சு அடக்கம் பண்றதுக்கா என்றாள், அவர் வெளியே பார்த்தார், தென்னந்தோப்பு ஓடியது, வாயில் கொழுக்கட்டையா என்று வசந்தாமணி கேட்பாளே, அந்தக் கொழுக்கட்டைதான், எட்டு மாதமாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்.

வலிக்கிறது என்று வசந்தாமணி ஒருநாளும் சொன்னதில்லை, அதுதான் சங்கதி, சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை டாக்டரைக் கேட்டிருப்பார், புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்த பிறகு, காரின் இடது இருக்கையில் அவள் உட்காரும்போது பெல்ட் இடது தோளிலிருந்து நேராகத் தழும்பின் மேல் இறங்கும், அவள் கட்டைவிரலை உள்ளே கொடுத்து அதை நெஞ்சில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொள்வாள், ஊரிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், திரும்பி வரும் வரைக்கும், விரல் சிவந்து போகும், அவர் பார்த்தது அந்த விரலை, ஒருநாள் கழற்றிவிட்டு உட்கார் என்றால் கார் கத்துகிறது, பாருங்க, வண்டி கூட நம்மள வையுது என்று கூசிப்போய் மறுபடி மாட்டிக்கொண்டாள், அடுத்த வாரம் சீட் கவர் விற்கிற கடையில் அந்தக் கிளிப்பை வாங்கினார், பட்டை எதுவும் இல்லாத வெறும் இரும்பு நாக்கு, பெல்ட் மாட்டுகிற துளையில் குத்திவிட்டால் போதும், ஆள் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருக்கிறாள் என்று கார் நம்பிக்கொள்ளும், நம்பியது, வசந்தாமணி வெகுநாள் கழித்துச் சிரித்தாள், உங்களுக்கு இதுலெல்லாம் நல்லா மூள வேல செய்யுமே என்றாள், அவருக்குப் பெருமை, ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு நோயாளியின் புருஷனுக்குக் கூட அதைக் காட்டினார், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், அவர் பிடித்தது குரங்காகக் கூட முடியவில்லை, எமனாக முடிந்தது.

அன்றைக்கு டாக்டர் சொல்லிவிட்டார், எல்லாம் சுத்தமா இருக்கும்மா, இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சாவு வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், திரண்டுதான் வந்தது, ஒத்தக்கால்மண்டபம் தாண்டி இளநீர் குடித்தார்கள், அவள் வழுக்கையையும் கேட்டு வாங்கித் தின்றாள், மறுபடி கார் கிளம்புகிறது, மூன்று மணி வெயில், அவள் தலையில் நகத்தளவு முடி முளைத்திருக்கிறது, அதைத் தடவிக்கொண்டே, ஏனுங்க, இது முழுசா வளந்ததும் பழனிக்குப் போயி மொட்ட போட்டுரலாங்க, வளத்தி விட்டதுக்கு நம்மளும் ஏதாச்சும் பண்ணோணுமில்ல என்கிறாள், அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு, அந்தத் தலையை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார், ஒரே தடவை, தேங்காய் நார் ஏற்றிய லாரி ரோட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறது, பிரேக்கை மிதித்தாரா, மிதித்தார், பிறகு வெள்ளைப் புகை, பட்டாசு வெடித்த நாற்றம், நிற்காத ஹாரன், அவள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவருடைய கை போகிறது, அவள் கன்னத்துக்குப் போகவில்லை, மூக்கில் மூச்சு வருகிறதா என்று பார்க்கப் போகவில்லை, நேராக அந்தக் கிளிப்புக்குப் போகிறது, பிடுங்குகிறது, சட்டைப்பையில் போடுகிறது, அதற்குப் பிறகுதான் வசந்தா என்று கத்தினார், இந்த வரிசையை அவர் எத்தனையோ தடவை மாற்றிப் பார்த்துவிட்டார், மாறுவதில்லை, முதலில் கிளிப், பிறகுதான் வசந்தா.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், பெல்ட் போட்டிருந்தாங்களா, ஆமா என்றார், அவ்வளவுதான் அவர் சொன்னது, அந்த ஒரு சொல் அதன்பின் தானாகவே ஊரெல்லாம் நடந்தது, பெல்ட் போட்டிருந்தும் போயிட்டாளே என்று துக்கம் கேட்க வந்தவர்கள் அவரிடமே சொல்லி அவர் கையைப் பிடித்து அழுதார்கள், பேரூரில் அஸ்தியைக் கரைக்கும்போது சட்டைப்பையிலிருந்த கிளிப்பையும் சேர்த்து நொய்யலில் விட்டார், ஐயர் மந்திரத்தை நிறுத்தி என்ன அது என்பது போல் பார்த்தார், அவளோடதுங்க என்றார், அதுவும் பொய், அவருடையதுதான்.

உக்கடத்தில் இதயத்துல்லாவின் பட்டறையில் மின்விசிறி சுற்றுகிறது, கியர் கம்பிக்குக் கீழே கையை விட்டு அவன் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளிப் பெட்டியைக் கழற்றி மேசையில் வைக்கிறான், இதுதான் சார் ஏர்பேக்குக்கு மூளை, ஒருதரம் அடி வாங்கிருச்சுன்னா அத உள்ள பூட்டி வெச்சுக்கும், புது பை மாட்டினாலும் ஒத்துக்காது, விளக்கு எரிஞ்சுட்டேதான் இருக்கும், நாமதான் பழச அழிச்சு விடணும் என்றபடி ஒயரை லேப்டாப்பில் சொருகுகிறான், எண்கள் வந்து விழுகின்றன, பிரவீணா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள், மோதுறதுக்கு அஞ்சு செகண்டு முன்னாடி எழுபத்திரண்டுல வந்திருக்கு, கடைசி அரை செகண்டுல பிரேக் விழுந்திருக்கு, டிரைவர் பெல்ட், ஆம், பக்கத்து இருக்கை பெல்ட், ஆம், அவன் வாசித்துக்கொண்டே போக, பிரவீணா அந்தக் கடைசி வரியின்மேல் விரலை வைத்தாள், பாத்தீங்களாப்பா, அம்மா போட்டிருந்தாங்க, மிசினே சொல்லுது என்று சொல்லும்போதே உடைந்து அழுதாள், இத எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணா என்றாள்.

இதயத்துல்லா தலையைச் சொறிந்தான், பெல்ட்டும் பையும் சேந்தாத்தான் அக்கா காப்பாத்தும், பெல்ட் இல்லாம இருந்திருந்தா வெறும் பையே வந்து மூஞ்சில அறஞ்சுரும், அம்மா போட்டும் இப்பிடி ஆச்சுன்னா நாம என்ன சொல்றது, விதிதான் என்றான், ஆறுதலாகத்தான் சொன்னான் பாவம், தெய்வசிகாமணிக்கு அந்த அறை தன் முகத்திலேயே விழுந்தது, பிரவீணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், விதின்னா விதிதான், அண்ணா, அந்தச் சத்தம் வராம இருக்க ஒரு கிளிப்பு இருக்குதாமே, அது ஒண்ணு குடுங்க, முதுகுக்குப் பின்னால மாட்டுனா குத்துது என்றாள், எங்கிட்ட இல்லக்கா, நான் அத விக்கறதில்ல, வேணும்னா நாலு கட தள்ளிக் கெடைக்கும் என்றான், அவள் எழுந்துவிட்டாள், செருப்பை மாட்டுகிறாள், நாலு கடைதான், நாளை காலை அவள் இதே பொள்ளாச்சி ரோட்டில் வருவாள், நார் லாரிகள் நிற்கும், கார் அவளையும் பத்திரமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்.

போகாத கண்ணு, என்றார், குரல் அவருக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னார், போகாத, உங்கம்மா பெல்ட் போடல. பிரவீணா திரும்பினாள், என்னங்கப்பா சொல்றீங்க, மிசின்ல இருக்குதே என்றாள், மிசினுக்கு என்ன தெரியும் கண்ணு, நாந்தான் அந்தக் கிளிப்ப வாங்கிக் குத்தி வெச்சிருந்தேன், அவளுக்குத் தழும்புல படுதேன்னு, மோதுனதும் நானே புடுங்கிட்டேன், அவளத் தொடறதுக்கு முன்னாலயே புடுங்கிட்டேன். இதயத்துல்லா மெல்ல எழுந்து காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான், அம்மா வலிக்குதுன்னு சொன்னாங்களா என்று பிரவீணா கேட்டாள், சொல்லல, நானாத்தான் என்றார், எட்டு மாசம் என்றாள் அவள், எட்டு மாசம் நான் முதுகுக்குப் பின்னால மாட்டிட்டுப் போனதப் பாத்துட்டுத்தானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க, அவர் ஆமா என்றார், நர்ஸிடம் சொன்ன அதே சொல், இந்தத் தடவை உண்மை, அது அவரைக் கொன்றது.

இதயத்துல்லா தயங்கித் தயங்கி வந்து, அழிக்கட்டுங்களா சார், அழிச்சா திரும்ப வராது, அக்கா பிரிண்ட் கேட்டாங்களே என்றான், தெய்வசிகாமணி வாயைத் திறப்பதற்குள் பிரவீணா சொன்னாள், அழிச்சுருங்கண்ணா, அது பொய்யி.

பெட்டி அதன் இடத்துக்குப் போனது, சாவியைத் திருப்பினார்கள், சிவப்பு உருவம் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எண்ணுவதற்குள் எழுந்து போய்விட்டது, அந்த இடம் கறுப்பாகக் கிடந்தது, தெய்வசிகாமணிக்கு அதைப் பார்க்க முடியவில்லை, பஸ்ஸில் போய்விடலாமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஏறுங்க என்றாள் மகள், முகத்தைப் பார்க்காமல், ஏறினார், இடது இருக்கை, அவள் தன் பெல்ட்டை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டாள், துளை தப்பித் தப்பி, மூன்றாவது தடவைதான் விழுந்தது, அவரும் போட்டுக்கொண்டார், பட்டை இடது தோளிலிருந்து இறங்கி நெஞ்சில் அழுந்தியது, வசந்தாமணி கட்டைவிரலை விட்டுத் தூக்கிப் பிடித்த அதே இடம், அவருடைய விரலும் தானாக உள்ளே போகப் பார்த்தது, எடுத்துவிட்டார், பிரவீணா வண்டியை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வலிக்குதுங்களா என்றாள், இல்ல கண்ணு என்றார், வலிச்சாலும் இருக்கட்டும் என்று சொல்லி அவள் கியரைப் போட்டாள்.